பூட்டாமல் திருத்திய நூலகம்

நூலகத்தைத் திருத்தப் போகிறார்கள் என்ற கதை பரவியதும் வாசகர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: "எப்ப பூட்டப் போறியள்?" திருத்தம் என்றால் பூட்டு என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம். கேற்றில் ஒரு மட்டை தொங்கும். மூன்று மாதம் என்பார்கள். ஒப்பந்தகாரர் நடுவில் வேறு வேலைக்குப் போய்விடுவார், மாரி வந்துவிடும், வருஷமும் மாறிவிடும். கடைசியில் திறக்கும்போது பெயின்ற் மணக்கும், கதிரைகள் பளபளக்கும், இருக்கிறதுக்குத்தான் ஆள் இராது.

யாழ்ப்பாண வலிகாமத்தில் ஒரு பிரதேச சபையின் கிளை நூலகத்தில் வேலை செய்கிறேன். 2024 இல் எங்கள் கட்டடம் திருத்தப்பட்டது. நாங்கள் பூட்டவில்லை. அதற்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆனால் இன்னொரு நூலகம் இதே வேலையில் இறங்கினால், கூரையையும் சுவரையும் பற்றி யோசிக்க முதல் இதைப் பற்றித்தான் யோசிக்கச் சொல்வேன்.

எங்கள் வாசகர்களைச் சொன்னால் காரணம் விளங்கும். காலையில் கதவு திறக்கும்போதே ஓய்வூதியக்காரர் நாலைந்து பேர் விறாந்தையில் நிற்பார்கள். முதலில் உதயன், வலம்புரி. பிறகுதான் வீரகேசரி, தினக்குரல். எந்தப் பேப்பர் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்பதற்குக்கூட ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் அரச வேலை அறிவித்தல் வரும் வர்த்தமானி பார்க்க வேலை தேடும் பிள்ளைகள் வருவார்கள். அது இப்போது போனிலேயே கிடைக்கிறது. ஆனாலும் விண்ணப்பத்தைப் பிழையில்லாமல் நிரப்ப ஆராவது பக்கத்தில் இருப்பார்கள் என்பதற்காக வருகிறார்கள். பின்னேரம் சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள். வீட்டில் ரி.வி. சத்தம், அல்லது ஒரே அறையில் தம்பி தங்கச்சியின் கூத்து. பூட்டினால் பெரியவர்கள் தேத்தண்ணிக் கடைக்குப் போவார்கள், பிள்ளைகள் ரியூட்டரிக்குப் போவார்கள், வேலை தேடுகிறவர்கள் போனோடு நின்றுவிடுவார்கள். போனவர்கள் புதுக் கட்டடம் பார்க்க ஒருநாள் வருவார்கள், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் தொடக்கமும் ஒரு கட்டடம் இல்லை. 1933 இல் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுத்தார். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி வீதியில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தார்கள். இந்திய நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதனின் ஆலோசனையோடு எழும்பிய அந்த வெள்ளைக் கட்டடம் திறக்கப்பட்டது 1959 இல். கால் நூற்றாண்டு அது மேசையும் புத்தகமும் ஆட்களுமாகவே இருந்தது. எங்கள் சபைச் செயலாளருக்கு நான் எழுதிய கடிதத்தில் இதையும் ஒரு பந்தியாகச் சேர்த்தேன். அவர் அதை வாசித்தாரோ தெரியாது. பூட்டாமல் வேலை செய்வது பற்றிய அடுத்த பந்தியை வாசித்திருக்கிறார், ஏனென்றால் அதைப் பற்றித்தான் கேட்டார்.

2023 மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரைக்கும் தவிசாளரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. எல்லாம் செயலாளரின் மேசைதான். இதில் ஒரு வசதி உண்டு: ஓர் ஆளைச் சம்மதிக்க வைத்தால் போதும். இடைஞ்சலும் அதுவேதான்: அந்த ஓர் ஆள் கையெழுத்து வைக்கப் பயப்படுவார். "ஓடு கழற்றேக்கை ஒண்டு விழுந்து ஆருக்கும் பட்டால் ஆர் பதில் சொல்லுறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாயால் சமாளிக்காமல் தாளில் பதில் கொடுத்தோம். கட்டடத்தை முன் பகுதி, பின் மண்டபம் என்று இரண்டாகப் பிரித்து ஒரு வரைபடம். எந்தக் கூரைக்குக் கீழே வேலை நடக்கிறதோ அந்தப் பக்கம் வாசகர் எவரும் இல்லை. வாசலும் வேறு. நடுவில் பலகைத் தட்டி, அதன்மேல் தூசி வராமல் தடித்த பொலித்தீன். உடைக்கிற, வெட்டுகிற வேலை எல்லாம் நூலகம் திறக்க முதல் காலையில். இந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொன்னோம். வேலை தொடங்கின பிறகு ஒப்பந்தகாரரிடம் கேட்டால் அது தயவு. ஒப்பந்தத்தில் இருந்தால் கடமை.

அடுத்தது பணமும் மழையும். சபைக்கு வருஷம் என்பது ஜனவரி முதல் டிசம்பர் வரை. காசு அனுமதியாகி, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுதி முடிய ஆண்டின் பாதி போய்விடும். டிசம்பர் 31 க்கு முதல் செலவழிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபர் தொடங்கி டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கும். ஆக, சும்மா விட்டால் அரசாங்கக் காசு கூரையைக் கழற்றுவது சரியாக மாரியில்தான். குடாநாட்டில் எத்தனையோ கட்டடங்கள் இப்படித்தான் நனைந்தன. ஒப்பந்தகாரர்களுக்கு நிலத்தில் தொடங்கத்தான் விருப்பம். மாபிள் பதித்தால் உடனே அளந்து பில் போடலாம். ஓட்டு வேலை ஏணி, சாரம், கூலி என்று இழுக்கும். நாங்கள் பிடித்த ஒரே பிடி: தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நிற்க முதல் இரண்டு கூரை வேலையும் முடிய வேண்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சோளகத்தில் புழுதி பறக்கும்தான். புழுதியைத் துடைக்கலாம்.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன் பகுதி ஒருகாலத்தில் ஒருவரின் வீடு. பவளப்பாறைக் கல்லான முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர், பனஞ்சலாகைமேல் ஓடு, சிவப்புச் சீமெந்து நிலம், முன்னால் விறாந்தை. பின் மண்டபம் எழுபதுகளில் சேர்த்தது. சீமெந்துக்கல், அஸ்பெஸ்டஸ் சீற். 1995 ஒக்டோபர் கடைசியில் யுத்தத்தால் வலிகாமமே எழும்பிப் போனபோது புத்தகங்கள் றாக்கையிலேயே நின்றன. அடுத்த வருஷம் சனம் திரும்பி வந்து, கையில் கிடைத்த ஓட்டைக்கொண்டும் தகரத்தைக்கொண்டும் பொத்தி வைத்த கூரைதான் இவ்வளவு காலமும் ஒழுகிக்கொண்டும் ஒழுகாமலும் நின்றது.

வேலையின் செலவு மதிப்பீட்டைக் கட்டாயம் கேட்டு வாங்கி வாசியுங்கள். நூலகருக்கு அதைக் காட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது, கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். எங்களுடையதில் இருந்தவை: நிலம் முழுக்க மாபிள், மர யன்னலுக்குப் பதில் அலுமினிய இழுவை யன்னல், உள்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு, அதன்மேல் எமல்ஷன். கூரைக்கு "உடைந்த ஓடுகளை மாற்றுதல்" என்று ஒரு வரி. எல்லாம் திறப்பு விழாப் படத்தில் வடிவாக விழுகிற சாமான்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் இளம் பிள்ளை, கெட்டிக்காரர், எதையும் கேட்டுக்கொள்வார். அவரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கட்டடத்தைச் சுற்றினோம்.

சிவப்பு நிலத்தைத் தட்டிப் பார்த்தால் எங்கேயும் பொத்தல் சத்தம் இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் வெடிப்பு. அதன்மேல் மினுங்கும் மாபிள் போட்டால் மாரியில் ஈரக்காலோடு வருகிற பெரியவர்கள் வழுக்குவார்கள்; மேசை வெளிச்சம் நிலத்தில் பட்டுக் கண்ணிலும் குத்தும். அந்தக் காசைக் கூரைக்கு மாற்றச் சொன்னோம். இழுவை யன்னலிலும் இதே கதைதான். இரண்டு கதவில் ஒன்றுதான் எந்த நேரமும் திறக்கும், ஆகவே காற்று பாதியாகும். பழைய மர யன்னல் முழுக்க விரியும், மேலே காற்றுப் போகச் சட்டமும் இருக்கிறது. பிணைச்சலை மாற்றி, உக்கின அடிக்கட்டையை வெட்டிப் புதுக்கட்டை பொருத்த ஓடாவியாருக்குக் கொடுத்தது புது யன்னல் விலைக்குப் பக்கத்திலும் வரவில்லை. தென்மேற்குப் பக்க யன்னல்களுக்கு மட்டும் மெல்லிய வலை அடித்தோம், சோளகப் புழுதிக்காக. வடகிழக்குப் பக்கம் வாடைக்காற்றோடு சாரல் அடிக்கும், அங்கே வெளியே தாழ்வாரத்தை நீட்டினோம். காற்று எங்கிருந்து வரும் என்று கேட்டுக் கட்டியவர்களின் வீடு அது; நாங்கள் அதைக் குழப்பாமல் விட்டதே பெரிய வேலை.

சுவர்தான் நீண்ட வாக்குவாதம். முன் பகுதியின் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்து, பூச்சுக் கட்டிகட்டியாகக் கழன்று கொண்டிருந்தது. முன்னொரு திருத்தத்தில் அதற்குச் சீமெந்து பூசியிருந்தார்கள். கழன்றதே அந்தச் சீமெந்துதான். வயது போன மேசன் ஒருவர், நாங்கள் மேசன் அண்ணை என்போம், விரலால் சுரண்டிக் காட்டிச் சொன்னார்: "பிள்ளை, உது வேர்க்கிற உடம்புக்கு ரெயின்கோட் போட்ட மாதிரி. சுண்ணாம்புச் சுவர் தண்ணியை இழுக்கும், விடும். சீமெந்தாலை மூடினால் எங்கை விடுறது?" நிலத்திலிருந்து ஏறும் ஈரம் முருகைக்கல்லில் இருக்கிற உப்பையும் கரைத்துக்கொண்டு மேலே வரும். வெளியே காய வழியில்லாவிட்டால் பூச்சுக்குப் பின்னால் உப்புப் படிகம் கட்டி, பூச்சையே தள்ளிவிடும். கோட்டைப் பக்கத்துப் பழைய மதில்களைப் பார்த்தாலும் இதே பாடம் தெரியும்.

ஆகவே ஈரம் ஏறிய உயரத்துக்கும் மேலே வரைக்கும் சீமெந்தை உரித்தோம். சுவர் முழுக்கக் காயக் காத்திருக்க முடியாது. தடிப்பில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டடக்காரர் சொல்லும் பொதுக் கணக்கு. இந்தச் சுவருக்கு வருஷக்கணக்காகும். காய்ந்துகொண்டே இருக்க விடுகிற பூச்சுத்தான் வழி. நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, மேலே எமல்ஷனுக்குப் பதில் வெள்ளையடிப்பு. இரண்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மணலில் கடல் உப்பு இருக்கக் கூடாது. வாயில் ஒரு துளி வைத்தாலே தெரியும். குழைக்கிற தண்ணீர் உவர்க் கிணற்றுத் தண்ணீராக இருக்கக் கூடாது. எங்கள் நூலகக் கிணறு உவர். ஆகவே பக்கத்து வளவிலிருந்து குழாய் இழுத்தோம். உப்பை வெளியேற்றச் செய்யும் வேலைக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றுவதை வேறு சில இடங்களில் பார்த்திருக்கிறேன்.

வெள்ளையடித்த சுவரில் சாய்ந்தால் சட்டையில் ஒட்டும் என்று முறைப்பாடு வந்தது. உண்மைதான், ஒட்டும். கதிரைகளைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டோம். றாக்கைகளையும் அப்படித்தான்: சுவருக்கும் றாக்கைக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி, அடித்தட்டு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். காற்றும் போகும், கறையான் மண்ணெடுத்து ஏறினால் கண்ணிலும் படும்.

கூரையில் எதிர்பாராத நல்ல செய்தி கிடைத்தது. ஓட்டை இறக்கிப் பார்த்தபோது சலாகைகளில் பெரும்பாலானவை திடமாக இருந்தன. பனையில் வெளிப்பக்கம் வைரம், உள்ளே சோறு. கறையான் சோற்றுப் பக்கத்தைத்தான் தின்னும். ஆகவே மேலிருந்து பார்த்தால் நல்லதாகத் தெரிவது கீழே கோதாக இருக்கலாம், மாறியும் இருக்கலாம். ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டுத்தான் பிரித்தோம். மாற்ற வேண்டியவற்றுக்குப் புதுப் பனை தறிப்பதென்றால் அனுமதி எடுக்க வேண்டும், தறித்தாலும் இளம் மரம் உதவாது. இடித்துக்கொண்டிருந்த ஒரு பழைய வீட்டிலிருந்து வைரம் பாய்ந்த சலாகைகளை வாங்கினோம். இரண்டாம் கைச் சாமானுக்கு அரச கணக்கில் பில் எழுதுவது தனிக்கலை. அதைக் கணக்காளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கூரைத் தண்ணீர் ஓடும் பீலிகளைப் பெரிதாக்கினோம். இரண்டு கூரையும் சேரும் பள்ளத்தில்தான் வேப்பஞ்சருகும் மாஞ்சருகும் நின்று அடைக்கும். ஒழுக்கில் முக்கால்வாசி அங்கிருந்துதான். அங்கே கை விட்டு அள்ளக்கூடிய அகலம் வேண்டும். மெல்லிய குழாய் வடிவாக இருக்கும், ஒரு மாரிக்கு நிற்காது.

பின் மண்டபத்துச் சீற்றை மாற்றக் காசு காணவில்லை. அஸ்பெஸ்டஸை அப்படியே விடுவது, உடைத்து எடுப்பதைவிடப் பாதுகாப்பு. கூடாதது அதில் துளையிடுவது, வெட்டுவது, காய்ந்தபடி கூட்டுவது. அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். ஃபான்களைச் சீற்றோடு தொடுக்காமல் சுவருக்குச் சுவர் இரும்புக் குழாய் போட்டுத் தொங்கவிட்டோம். உடைந்திருந்த ஒரு சீற்றை மட்டும் தண்ணீரால் நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுசாக இறக்கிப் பொலித்தீனில் சுற்றினார்கள்.

இனிப் புத்தகங்கள். இதைத்தான் எல்லாரும் கடைசியாக யோசிக்கிறார்கள்.

ஒரு மீற்றர் நீளத் தட்டில் நிற்கும் புத்தகம் 20 கிலோவுக்குக் குறையாது. பெரிய பெட்டியில் அடைத்தால் தூக்குகிறவரின் இடுப்பு முறியும், பெட்டியின் அடியும் விழும். சின்னப் பெட்டி நல்லது. பிஸ்கற், பால்மாப் பெட்டிகள் சும்மா கிடைக்கும், ஆனால் துகள் ஒட்டியிருக்கும், கரப்பான் வரும். மருந்துக் கடைப் பெட்டிகள் சுத்தம். பெட்டி இலக்கத்தை மேலே எழுதாமல் பக்கத்தில் எழுத வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினபிறகு மேலே எழுதினதை ஆர் பார்ப்பது? பொலித்தீனால் சுற்றிக் கட்டினால் ஈரம் உள்ளே நின்று பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டி, சேலை போட்டு மூடினோம்.

ஆனால் அடைக்கிற புத்தகத்தைக் குறைத்ததுதான் கெட்டித்தனம். யோசனை வாசகர் வட்டத்தில் ஓர் இளைப்பாறிய ஆசிரியருடையது. "எங்கடை வீட்டிலை அலுமாரி இருக்குத்தானே பிள்ளை, தந்துவிடுங்கோவன்" என்றார். வழக்கமான எல்லையை உயர்த்தி, வேலை முடியும்வரைக்கும் ஒவ்வொரு அங்கத்தவரும் நிறையப் புத்தகம் கொண்டுபோகலாம், தாமதக் கட்டணம் இல்லை என்று செயலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். சனம் பையோடு வந்தது. எங்கள் நாவல் பகுதியின் பெரும்பங்கு ஊர் வீடுகளில் பத்திரமாக இருந்தது. சில புத்தகம் திரும்பவில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே வைத்திருந்தால் அதைவிடக் கூட இழந்திருப்போம். நெடுநாள் வராத சிலர் திரும்ப அங்கத்தவரானதும் இதனால்தான்.

மிச்சத்தில் எது கைக்கெட்ட இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கக் கடைசிப் பக்கத்துத் திகதித் தாளைப் பார்த்தோம். கடந்த இரண்டு வருஷத்தில் ஒருமுறையாவது போனவை, கடந்தகால வினாத்தாள்கள், அகராதிகள், சிறுவர் புத்தகங்கள் வெளியே. பேப்பர் மேசையை, முன் பகுதி வேலை முடியும்வரை, பக்கத்துச் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுபோனோம். அவர்கள் சாவியைத் தந்துவிட்டார்கள், நாங்கள் மின்சாரக் கட்டணத்தில் பங்கு கொடுத்தோம். பெரியவர்கள் முதல் கிழமை முறுமுறுத்தார்கள். பிறகு அங்கிருந்த வேம்பு நிழலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வர மாட்டோம் என்றார்கள்.

கழிக்க வேண்டிய புத்தகங்களைக் கழிக்க இதுதான் தருணம். அரச சொத்து என்பதால் நினைத்தபடி எறிய முடியாது. நூற்சேர்க்கைப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்து, வருடாந்தப் பொருள் கணக்கெடுப்பில் காட்டி, அனுமதியோடுதான். காலம் போன கணினிப் புத்தகங்களும் பழைய பாடத்திட்ட வழிகாட்டிகளும் போகட்டும். ஆனால் ஒரு வகையை மட்டும் நான் ஒருவரையும் தொட விடவில்லை. கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை நூற்றாண்டு மலர், சனசமூக நிலைய ஆண்டு மலர், இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம். வேலைக்கு வந்த பெடியன் அவற்றைப் பழைய பேப்பர் என்று ஒரு மூலையில் குவித்திருந்தான். ஒரு கல்வெட்டில் வம்சாவளி இருக்கும், ஊர்க் குறிச்சிகளின் பழைய பெயர் இருக்கும், மலாயாவுக்குப் போனவரின் படம் இருக்கும். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் கடையில் திரும்ப வாங்கக்கூடியவை வாங்கப்பட்டன. இப்படியான சின்ன வெளியீடுகளை எங்கே வாங்குவது? ஒரு கிளை நூலகத்து மூலையில் கிடப்பதுதான் கடைசிப் பிரதியாக இருக்கலாம். 'நூலகம்' என்ற பெயருள்ள நிறுவனம் 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் தொகுப்பில் கல்வெட்டுகளும் இருக்கின்றன. எங்களிடம் இருப்பதில் எது அங்கே இல்லை என்று ஒத்துப் பார்த்துப் பட்டியல் போட, உயர்தரம் முடித்த இரண்டு பிள்ளைகளைப் பிடித்தோம். அந்த வேலை இன்னும் முடியவில்லை.

பூச்சி பிடித்த புத்தகங்களை நல்லவற்றோடு சேர்த்துப் பெட்டியில் அடைக்கக் கூடாது. வேப்பிலையும் வசம்பும் புதுப் பூச்சியை அண்ட விடாமல் கொஞ்சம் உதவும், உள்ளே துளைத்துக்கொண்டிருக்கும் புழுவைக் கொல்லாது. பச்சை வேப்பிலை வைத்தால் ஈரம்தான் மிச்சம். எங்களுக்கு வேலை செய்தது குளிர். புத்தகத்தைக் காற்று எடுத்த பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, வாசகர் ஒருவரின் கடையில் சும்மா கிடந்த டீப் ஃபிறீசரில் இரண்டு கிழமை. சைபருக்குக் கீழ் 18 பாகை வரை போகிற பெட்டிக்கு அவ்வளவு காலம் வேண்டும். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். இந்த ஓர் இடத்தில் மட்டும் பொலித்தீன் நல்லது.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊரவர்கள் உதவ முன்வந்தார்கள். முதலில் கேட்டது ஏ.சி. போட்டுத் தரட்டுமா என்று. மனம் நோகாமல் மறுப்பது கஷ்டம். பகலில் ஓடி இரவில் நிற்கும் ஏ.சி. புத்தகத்துக்குக் கூடாது, குளிர்ந்த அறைக்குள் இரவில் வெளி ஈரம் புகும்போது அட்டையில் பூஞ்சணம் கட்டும். மின்கட்டணத்தைச் சபை கட்டுமா என்பது வேறு கதை. அதற்குப் பதிலாகச் சரிவுப்பாதை கேட்டோம். எங்கள் பழைய வீடுகளுக்கு அத்திவாரம் உயரம். வாசற்படி நிலத்திலிருந்து 18 அங்குலம் என்றால், 1:12 சாய்வில் 18 அடி நீளப் பாதை வேண்டும். யுத்தத்தில் காலை இழந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இங்கே எத்தனை பேர் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் பல கட்டடங்களில் சரிவுப்பாதை என்ற பெயரில் மோட்டார் சைக்கிள் ஏற்றும் குத்தான மேடைதான் இருக்கிறது. முற்றத்தில் இடம் போதாமல் எங்களுடையதை மடக்கி, நடுவில் நின்று மூச்சு விட ஒரு தட்டையும் வைத்தோம். பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் அதே பணத்தில். அது வந்த பிறகு பெண் பிள்ளைகள் பின்னேரம் முழுக்க இருந்து படிக்கிறார்கள். முந்தி நாலு மணிக்கே எழும்பிவிடுவார்கள், ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வெளிச்சத்தில் ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்கிறேன். பல்ப் மேலே, ஃபான் கீழே என்றால் சுற்றும் இறகு வெளிச்சத்தை வெட்டி வெட்டிப் பக்கத்தில் நிழலாட்டும். கொஞ்ச நேரத்தில் தலையிடி. லைற்றை ஃபான் இறகின் மட்டத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டும், அல்லது இரண்டையும் தள்ளி வைக்க வேண்டும். வயரிங் வரைபடம் போடும்போது ஒரு கோடு மாற்றினால் போதும், பிறகென்றால் சுவரை வெட்ட வேண்டும். பழைய வயரை முழுக்க மாற்றி, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தை வெட்டும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சும் போட்டோம். இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

நவம்பர் கடைசியில் எங்கள் கூரைக்குப் பரீட்சை வந்தது. உயர்தரப் பரீட்சை தொடங்கிய அதே கிழமை குடாநாடெங்கும் வெள்ளம். மழையால் பரீட்சையே சில நாள் தள்ளிப் போனது. முன் பகுதி முடிந்திருந்தது, பின் மண்டபத்தில் உள்வேலை மிச்சம். புதுக் கூரையில் ஒரே ஓர் இடத்தில் ஒழுகியது, அதுவும் வரலாற்று றாக்கைக்கு நேர் மேலே. ஓட்டு வேலை முடிந்த பிறகு அன்ரெனாக் கம்பி கழற்ற ஆரோ மேலே ஏறி நடந்திருக்கிறார். ஓர் ஓடு மயிர்க்கோடாக வெடித்திருந்தது. கூரை முடிந்த பிறகு மேலே ஏறுகிறவர் எவராயிருந்தாலும் பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும், ஏறினால் பெயர் எழுத வேண்டும் என்று இப்போது விதி வைத்திருக்கிறோம்.

நனைந்த புத்தகத்துக்கு இரண்டு நாள்தான் அவகாசம், அதற்குப் பிறகு பூஞ்சணம். வெயிலில் போட எல்லாருக்கும் கை பறக்கும். வெயிலில் அட்டை வளைந்து, முதுகு வெடிக்கும். அதோடு அன்றைக்கு வெயில் எங்கே? நூலகம் திறந்திருந்ததால் கை இருந்தது. பரீட்சை தள்ளிப் போய்ப் படிக்க வந்திருந்த பிள்ளைகள், பேப்பருக்கு வந்த பெரியவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். அச்சில்லாத வெள்ளைத் தாளைச் சில பக்கத்துக்கு ஒருதரம் இடையில் வைத்து, ஈரமாக ஈரமாக மாற்றி, புத்தகத்தைக் கொஞ்சம் விரித்து நிமிர்த்தி வைத்து, ஃபான் காற்றைப் பக்கவாட்டில் விட்டோம். வழுவழுப்பான படத்தாள் புத்தகங்களை முதலில் பார்க்க வேண்டும். அவை காய்ந்தால் பக்கமெல்லாம் ஒன்றாய் ஒட்டும், பிறகு பிரியாது. ஒரு படப்புத்தகம் அப்படிப் போனது. மற்றவை வீங்கின முதுகோடு இன்றைக்கும் இரவலுக்குப் போகின்றன.

வேலை முடிந்து பில்லும் கட்டியாகிவிட்டது. பிழை திருத்தப் பிணையாகத் தடுத்து வைத்த ஒப்பந்தகாரரின் பணத்தை ஒரு மாரி முழுக்கக் கழியும்வரை விடுவிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தோம், செயலாளர் ஒத்துக்கொண்டார். சுவரில் இரண்டு இடத்துப் பூச்சு அந்தப் பணத்தில்தான் திருத்தப்பட்டது. இப்போது செப்டெம்பர் மாதம் பீலி துப்பரவாக்கும் மாதம் என்று நாட்காட்டியில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அதற்கு ஆள் இருக்கிறார், ஏணிதான் ஒவ்வொரு முறையும் சனசமூக நிலையத்தில் இரவல். அடுத்த பாதீட்டுக்கு அனுப்பின பட்டியலில் முதலாவது ஏணி, இரண்டாவது பின் மண்டபத்துக் கூரை, மூன்றாவது சிறுவர் பகுதிக்கு உயரம் குறைந்த றாக்கைகள். தேர்தலுக்குப் பிறகு புது உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் நிலத்தைப் பார்த்துவிட்டு, மாபிள் போடலாமே என்றார்.